கொழும்பில் போக்கர்: அறை போடும் முன்

மூன்று நாள் லீவில் கொழும்பு சிட்டி ஆஃப் ட்ரீம்ஸ் காசினோ ஹோட்டலுக்குப் போய் போக்கர் மட்டும் ஆடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்பட்டு அறை போடாதீர்கள். 2025 ஆகஸ்ட்டில் திறந்த இடம், பளபளப்புக்குக் குறைவில்லை. ஆனால் இப்படிப்பட்ட சொகுசு காசினோக்களுக்குச் சோறு போடுவது பாக்கராட்தான்; அது காசினோவை எதிர்த்து ஆடும் சீட்டாட்டம். போக்கரில் நாம் ஒருவரோடொருவர் மோதுகிறோம். காசினோவுக்குக் கிடைப்பது ரேக் மட்டும், அதாவது பந்தயப் பணத்தில் எடுக்கும் கமிஷன். அதனால் போக்கர் மேசைக்கு அங்கே இரண்டாம் பந்திதான்.

முதலில் போன் போட்டு, வார நாளில் கேஷ் மேசை (போட்டி இல்லாமல் நேரடிப் பணத்துக்கு ஆடும் மேசை) ஓடுமா, குறைந்த பிளைண்ட் (சீட்டுப் போடும் முன் கட்டாயமாக வைக்கும் பந்தயம்) எவ்வளவு, ரேக்குக்கு மேல்வரம்பு உண்டா என்று கேளுங்கள். மேல்வரம்பில்லாத 5 சதவீதம் என்றால், பந்தயப் பணம் 10,000 ரூபாய் சேர்ந்த ஒரு கையில், அதாவது ஒரு ஆட்டச் சுற்றில், 500 போய்விடும். ஒரு ராத்திரிக்கு எத்தனை கை, கணக்குப் போட்டுப் பாருங்கள்!

அப்புறம், காசினோ நுழைவு வரி இலங்கைக் குடிமக்களுக்குத்தான். வெளிநாட்டிலிருந்து போகும் உங்களுக்குப் பாஸ்போர்ட் போதும்.