பாறசாலைத் தம்பிக்கு: முறையிடுவது முறுமுறுப்பு ஆகாது

கர்த்தருக்குள் அன்பான தம்பிக்கு ஸ்தோத்திரம்.

பாறசாலையிலிருந்து துபாய்க்கு வந்து, ஏ.சி. பராமரிப்பு நிறுவனம் ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்து, சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பில் தங்கியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். ஊரில் ஞாயிறு பாடசாலை நடத்தி, ஊழியத்துக்குப் போக எண்ணியிருந்த உங்களுக்கு, கடன் அடைப்பதற்காகக் குழாய் சுமக்கும் இந்த வாழ்க்கையில் தேவனுடைய நோக்கம் என்ன என்று கேட்டிருந்தீர்கள். ஓவர்டைம் பணம் வரவில்லையே என்று நீங்கள் சொன்னபோது, உடன் ஜெபிக்கும் மூத்தவர் ஒருவர், வனாந்தரத்தில் இஸ்ரவேலர் முறுமுறுத்ததைப்போல முறுமுறுக்காமல் ஸ்தோத்திரம் சொல்லிப் பொறுத்துக்கொள்ளும்படி புத்தி சொன்னதாகவும், முதல் சம்பளம் முழுவதையும் ஆலயத்துக்குத் தருவதாகப் பொருத்தனை (நேர்ச்சை) செய்துவிட்டு வந்ததாகவும் எழுதியிருந்தீர்கள். நான் களியக்காவிளைக்காரன். மாநில எல்லை நம் இரண்டு ஊர்களுக்கும் நடுவே போனாலும், ஒரே பாட்டும் ஒரே ஜெபமும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பல ஆண்டுகளாகக் குடும்பத்தோடு ஷார்ஜாவில் இருந்துகொண்டு துபாயில் ஸ்டோர் கீப்பராக வேலை பார்ப்பவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதுகிறேன்.

மூத்தவர் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் மற்றக் கேள்விகளின் முடிச்சும் அதில்தான் இருக்கிறது. இஸ்ரவேலர் வனாந்தரத்தில் முறுமுறுத்தார்கள் என்பது உண்மை. ஆனால் அதற்கு முன்பே, எகிப்தில் ஆளோட்டிகளின் கொடுமையால் அவர்கள் கூக்குரலிட்டபோது, அந்தக் குரலைக் கேட்டுத்தான் தேவன் மோசேயை அனுப்பினார். நடத்தி வந்தவரை நம்பாமல் எகிப்தின் இறைச்சிச் சட்டியை நினைத்து ஏங்கியது முறுமுறுப்பு. உழைத்ததற்குரியது கிடைக்காமல் அழுதது முறுமுறுப்பு அன்று. வயலில் அறுத்தவர்களின் பிடித்து வைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்றும், அந்தக் குரல் சேனைகளுடைய கர்த்தரின் செவிகளில் பட்டது என்றும் யாக்கோபு எழுதியிருக்கிறார். கர்த்தர் செவிகொடுக்கும் ஒன்றைப் பாவம் என்று சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை.

பிலிப்பி பட்டணத்துச் சிறையில் நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். அடிபட்டு, கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்டிருந்த பவுலும் சீலாவும் நடுராத்திரியில் ஜெபம்பண்ணித் தேவனைத் துதித்துப் பாடினார்கள். இதைப் பிரசங்கத்தில் கேட்காத நம் ஊர்க்காரர் இருக்க முடியாது. விடிந்த பிறகு நடந்ததைப் பிரசங்கிப்பவர்கள் குறைவு. விடுதலை செய்தோம், போகலாம் என்று அதிகாரிகள் ஆள் அனுப்பியபோது, ரோமரான எங்களை விசாரிக்காமல் எல்லார் முன்பாகவும் அடித்துவிட்டு இரகசியமாக அனுப்பிவிடுவதா, அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துக்கொண்டு போகட்டும் என்று பவுல் உறுதியாக நின்றார். அப்படிக் கேட்டதனால் இரவில் பாடிய ஸ்தோத்திரம் எந்த வகையிலும் குறைந்துபோகவில்லை.

நம் தெற்குத் திருவிதாங்கூர்ச் சபைகளின் வரலாறும் இதைத்தான் காட்டுகிறது. மேலாடை அணியும் உரிமைக்காக நம் பாட்டிமார் அடியும் அவமானமும் பட்ட தோள்சீலைப் போராட்டக் காலத்தில், ஆலயத்தில் ஸ்தோத்திரம் ஏறெடுத்த அதே சபையார் ஆங்கிலேயரின் பிரதிநிதியான ரெசிடென்டுக்கும் திருவிதாங்கூர் அரசாங்கத்துக்கும் மனுமேல் மனு அனுப்பினார்கள்; மிஷனெரிமாரும் அவர்களோடு நின்றார்கள். 1859-ல் மகாராஜாவின் அறிக்கை வந்தது அப்படித்தான். எல்லாவற்றையும் சகித்துக்கொள்வதே கீழ்ப்படிதல் என்று அவர்கள் எண்ணியிருந்தால், நம் குடும்பங்களின் நிலை வேறாக இருந்திருக்கும்.

ஆகவே இந்த நாட்டுச் சட்டம் தருவதைத் தெரிந்துகொள்ளுங்கள். சாதாரண வேலை நேரம் ஒரு நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. அதற்கு மேல் செய்யும் வேலைக்கு அடிப்படைச் சம்பளக் கணக்கின்படி 25 சதவீதமும், இரவு 10 மணி முதல் அதிகாலை 4 மணி வரை செய்தால் 50 சதவீதமும் கூடுதலாகத் தர வேண்டும்; ஷிப்டு முறையில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் இந்த இரவுக் கணக்கு பொருந்தாது. உங்கள் பாஸ்போர்ட்டை நிறுவனம் வாங்கி வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தரவில்லை. முதலில் எச்.ஆர். பிரிவில் மரியாதையாக எழுத்தில் கேளுங்கள். பயன் இல்லையென்றால் மனிதவள அமைச்சகத்தில் புகார் பதியலாம். வழி காட்ட இந்தியத் துணைத் தூதரகத்தைச் சேர்ந்த பிரவாசி பாரதீய சகாயதா கேந்திரா இருக்கிறது. கேட்கும்போது கோபப்பேச்சு வேண்டாம், செய்யாத வேலைக்கு ஒரு மணி நேரம்கூடச் சேர்த்து எழுத வேண்டாம். கீழ்ப்படிதல் சோதிக்கப்படுவது இந்த இடத்தில்தான்: உரிமையைக் கேட்கிற கையும் டைம் ஷீட்டை நிரப்புகிற கையும் ஒன்றே அல்லவா?

நோக்கத்தைப் பற்றிய கேள்விக்கும் இதையொட்டியே பதில் சொல்கிறேன். வெள்ளறடைப் பக்கத்து டெக்னீஷியன் ஒருவர் எங்கள் ஸ்டோருக்கு வருவார். வேலை முடிந்து மிஞ்சும் செம்புக் குழாய்த் துண்டுகளைப் பழைய இரும்புக் கடையில் போட்டு டீக்காசு ஆக்குவது இந்தத் தொழிலில் சர்வசாதாரணம். அவரோ ஒரு முழம் துண்டைக்கூட அளந்து, எந்தக் கட்டடத்தில் எந்த யூனிட்டில் மிஞ்சியது என்று சீட்டு ஒட்டி, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் போவார். உடன் வேலை செய்பவர்கள் கேலி செய்ததும் உண்டு. அவர் ஊழியக்காரர் அல்லர், மேடையில் சாட்சி சொன்னவரும் அல்லர். ஆனால் ஊருக்குப் பணம் அனுப்ப முடியாத நாளில் எங்கள் பெஷாவர் டிரைவர் தம்முடைய சம்பளக் கவரைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லிக் கொடுப்பது அவரிடம்தான். வேலை உயர்வு கிடைத்ததையும் விசா கிடைத்ததையும் மட்டுமே சாட்சி என்று கேட்டுப் பழகிய நமக்கு, இது சாட்சியாகத் தோன்றாமல் போவது வருத்தமானது.

பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா அனுப்பிய நிருபத்தில், வீடு கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், நீங்கள் போயிருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்றுதான் இருக்கிறது. ஊர் திரும்பும் நாள் வரைக்கும் வாழ்க்கையைத் தள்ளிவைக்க அவர் சொல்லவில்லை. சீரியாவில் படைத்தலைவன் நாகமானின் வீட்டில் பணிவிடை செய்த இஸ்ரவேல் சிறுமிக்கு வேதத்தில் பெயர்கூடக் கொடுக்கப்படவில்லை. பிடித்துக்கொண்டு வரப்பட்ட பிள்ளை, எஜமானின் குஷ்டம் நீங்க வேண்டும் என்று விரும்பி ஒரு வார்த்தை சொன்னாள், அவ்வளவுதான். நம் பக்கத்துச் சபைகளுக்கு வித்திட்டவரும் வெளியூர் போய் வந்தவரே. மயிலாடியிலிருந்து புறப்பட்டுத் தஞ்சாவூரில் சுவிசேஷத்தைக் கேட்டு, வேதமாணிக்கம் என்ற பெயரோடு திரும்பிய மகாராசன் முதலில் தம் சொந்தக்காரரிடம் பேசினார். மிஷனெரி ரிங்கல்தௌபே ஐயர் திருவிதாங்கூருக்கு வந்தது அதன் பிறகு, 1806-ல். ஊழிய அழைப்பு உங்களுக்கு உண்மையாகவே இருந்தால் அது குழாய் சுமக்கும் காலத்தில் அழிந்துபோகாது.

ஆலயத்துக்குப் போவதில் பெரிய சிக்கல் இல்லை. துபாயில் ஊத் மேத்தாவிலும் ஜெபல் அலியிலும் ஆலயங்கள் உண்டு, தமிழ் ஆராதனையும் உண்டு. 2022-ல் வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறிய பின் ஞாயிறு வர முடிகிறவர்கள் பலர். உங்களுக்கு வேறு நாளில் ஓய்வு என்றால் அந்த நாளில் எந்த ஆராதனை இருக்கிறதோ அதற்கு வாருங்கள், ஓய்வு நாள் தவறிவிட்டதே என்று மனம் கலங்க வேண்டாம். கூட்டமாக ஆராதிப்பதை அனுமதி பெற்ற இடங்களிலேயே வைத்துக்கொள்வது நல்லது. மற்ற மதத்தாருக்குக் கைப்பிரதி கொடுப்பதும், ஊர் ஆலயக் கட்டடத்துக்கென்று வாட்ஸ்அப்பில் பணம் திரட்டுவதும் இங்கே குற்றம். நல்ல காரியம்தானே என்ற வாதம் எடுபடாது; என் பார்வையில் அப்படி வாதிடுவது விசுவாசமும் அன்று.

பொருத்தனையைப் பற்றி. அறுப்பின் பண்டிகையில் முதல் நேந்திரன் குலையை ஏலத்தில் ஏற்றி எடுக்கும் நம் ஊர் வழக்கத்தில் வளர்ந்த மனது, முதல் சம்பளத்தையும் அப்படியே கொடுக்கத் துடிப்பது எனக்குப் புரிகிறது. ஆனால் வட்டிக்கு வாங்கிய பணத்தில் விசா எடுத்து வந்திருக்கிறீர்கள், கடன் பத்திரத்தில் கையெழுத்திட்டிருப்பவர் உங்கள் அப்பா. தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைக் கொர்பான், அதாவது காணிக்கை, என்று சொல்லித் தேவனுக்கு ஒதுக்கியவர்களை இயேசு கடிந்துகொண்டதை மறக்க வேண்டாம். நிலைமையை உங்கள் போதகரிடம் சொல்லி, பொருத்தனையைப் பல மாதங்களாகப் பிரித்துச் செலுத்த அனுமதி கேளுங்கள். அம்மா தினமும் உலையில் போடும் முன் எடுத்து வைக்கும் பிடியரிசி அளவில் தொடங்கினாலும் போதும், நல்ல போதகர் மறுக்கமாட்டார்.

இதற்கிடையில் நீங்கள் கையெழுத்திட்ட டைம் ஷீட்டுகளின் நகல்களையும் வேலை ஒப்பந்தத்தையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எச்.ஆருக்கு எழுதும் கடிதத்தை அனுப்பும் முன் எனக்குக் காட்டுங்கள். ஓய்வு நாளில் ஊத் மேத்தாவுக்கு வந்தால் ஆராதனை முடிந்ததும் உட்கார்ந்து சேர்ந்தே எழுதலாம்.