35 வாரத்தில் வலி வந்துவிட்டது, குழந்தைக்கு என்ஐசியூ தேவைப்படுமா?

மனைவிக்கு 35-வது வாரத்திலேயே வலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறீர்கள். குழந்தையை என்ஐசியூவில், அதாவது பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில், வைப்பார்களா என்று இப்போதே தெரியுமா என்பது உங்கள் கேள்வி. நான் ராமநாதபுரத்தில் பச்சிளங்குழந்தை வார்டு நர்ஸ். உறுதியாக யாராலும் சொல்ல முடியாது, ஆனால் ஓரளவு கணிக்கலாம்.

வலி வந்தாலே பிரசவம் என்றில்லை. தங்கச்சிமடத்தில் இருக்கும் என் தங்கைக்கு 34 வாரத்தில் வந்த வலி இரண்டு நாளில் அடங்கிவிட்டது. பிள்ளை பிறந்தது 36 வாரம் 2 நாளில். அந்த இரண்டு வாரம் சின்ன விஷயமில்லை. 34-ஐவிட 35-ல், 35-ஐவிட 36-ல் என்ஐசியூ வாய்ப்பு நன்றாகவே குறையும். கணிப்பில் முதலிடம் வாரக் கணக்குக்குத்தான். அதனால் முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தேடிக் கையில் வையுங்கள், வாரம் அதில்தான் சரியாகத் தெரியும். அப்புறம் குழந்தையின் எடை, இரட்டையா என்பது, தாயின் சர்க்கரை, பிரஷர், பனிக்குடம் உடைந்ததா, வலி வராமலே சிசேரியனா, இதெல்லாம் பார்ப்பார்கள். ஆண் குழந்தைக்கு மூச்சுச் சிரமம் சற்று அதிகம் வரும்.

நுரையீரலுக்கான ஸ்டீராய்டு ஊசி வழக்கமாக 34 வாரத்துக்கு முன் போடுவது. அதற்குப் பிறகு போட்டாலும் மூச்சுச் சிரமம் குறையும், ஆனால் பிறந்த குழந்தைக்குச் சர்க்கரை இறங்குவது கூடும். அது டாக்டர் எடுக்க வேண்டிய முடிவு.

எல்லோருக்கும் மூச்சைப் பற்றித்தான் பயம். தங்கை மகன் பிறந்ததும் வீரிட்டு அழுதான், 2.3 கிலோ, நல்ல நிறம். நானே நிம்மதியாகிவிட்டேன். சில மணி நேரத்தில் மார்பில் இரண்டு தடவை சப்பிவிட்டுத் தூங்க ஆரம்பித்தான். குதிகாலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 38, குறைவு. உடனே என்ஐசியூவுக்குள் எடுத்துக்கொண்டார்கள். தங்கை பாலைப் பீய்ச்சித் தர, பாலாடையில் சொட்டுச் சொட்டாகப் புகட்டினோம். மூன்றாம் நாள் மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கு. ஆறாம் நாள் வீட்டுக்குப் போனான். இந்த வாரங்களில் பிறக்கும் பிள்ளைகள் பார்க்க முழுப் பிள்ளை மாதிரியே இருக்கும், ஆனால் உறிஞ்சி, விழுங்கி, மூச்சு விடும் பழக்கம் முழுசாக வந்திருக்காது.

எங்கே சேர்த்திருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் சின்ன ஆஸ்பத்திரி என்றால், பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சை அங்கே உண்டா என்று இன்றைக்கே கேளுங்கள். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் 50 கிலோமீட்டருக்கு மேல். பிறந்த பிள்ளையை 108-ல் ஏற்றிப் பாலம் தாண்டி வருவதைவிட, டாக்டர் சம்மதித்தால், பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே வந்துவிடுவது நல்லது.