வாசகர் கேள்விகள்: எழுத்தில் மெலிந்த வேடம், நடிப்பில் எழுவது எப்படி?

கேள்வி: கதாநாயகனின் மனைவி, அண்ணன், நண்பன் என்று வந்துபோகும் வேடங்களுக்கு வசனமே பெரிதாக இருக்காது. ஆனாலும் சிலர் நடித்தால் மட்டும் மனதில் நிற்கிறார்களே, அப்படி என்னதான் செய்கிறார்கள்?

பதில்: இந்த வேடங்களில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது, அந்த ஆளுக்கு என்ன வேண்டும் என்பது. கதாநாயகனின் ஆசை பக்கம் பக்கமாக இருக்கும். மனைவிக்கு ‘கவலையுடன்’ என்று ஒரு சொல் இருக்கும். கவலையை அப்படியே நடிக்கப் போனால் புருவம் சுருங்கும், அவ்வளவுதான். தேர்ந்த நடிகர் அதை ஒரு காரியமாக மாற்றிக்கொள்வார்: ‘இவனை இன்று மறுபடி வெளியே போகவிடக் கூடாது.’

நள்ளிரவு தாண்டிக் கணவன் உள்ளே வருகிறான் என்று வையுங்கள். துணி மடித்துக்கொண்டிருக்கும் மனைவிக்கு ஒரே வசனம்: “வந்தாச்சா?” நிமிர்ந்து பார்த்து நிம்மதியாகச் சொன்னால் காட்சி முடிந்தது, அவளும் முடிந்தாள். கதவுச் சத்தத்தில் கை நிற்கிறது, நிமிராமலே கேட்கிறாள், பிறகு கை முன்னைவிட வேகமாக மடிக்கிறது. இவ்வளவு நேரம் காத்திருந்தாள் என்பதும், அது அவனுக்குத் தெரியக் கூடாது என்று நினைக்கிறாள் என்பதும் வசனமில்லாமலே வந்துவிட்டன.

ஒரே காட்சியைப் பல முறை எடுப்பார்கள். அந்த ஒவ்வொரு டேக்கிலும் கை அதே இடத்தில் நிற்க வேண்டும். தள்ளி நின்று எடுக்கும் வைட் ஷாட்டில் வசனத்துக்கு முன்பும், நெருங்கி எடுக்கும் குளோஸப்பில் வசனத்துக்குப் பிறகும் நின்றால் இரண்டும் ஒட்டாது. எடிட்டர் குளோஸப்பைத் தூக்கிப் போட்டுவிடுவார். அருமையான நடிப்பு பல இப்படித்தான் வீணாகிறது.

அடுத்தது, கேட்பது. வசனம் குறைந்தவருக்குப் படத்தில் இடம் கிடைப்பதே, எதிராளி பேசும்போது கேட்பவர் முகத்தைக் காட்டும் ரியாக்‌ஷன் ஷாட்டில்தான். எதிராளி பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்து முகம் மாற்றுபவரிடம் வெட்டி எடுக்க எதுவும் இருக்காது. பேச்சின் நடுவே, தன்னைத் தைத்த அந்தச் சொல்லிலேயே மாறுபவரிடம் எடிட்டர் தானாக வருவார். பேச்சு முடிந்த பின்னும் ஓரிரு நொடி பார்வையை விடாமல் வைத்திருந்தால், காட்சியை அவர் முகத்திலேயே முடிக்கலாம்.

கேள்வி: ஒரே முகத்தைப் பல ஷாட்டுகளோடு ஒட்டிக் காட்டிய குலெஷோவ் சோதனையைப் படித்தேன். அப்படியானால் எல்லாம் எடிட்டர் வேலைதானே?

பதில்: பாதி சரி. ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ், நடிகர் இவான் மொஸ்ஜூகினின் சலனமற்ற முகத்தை சூப் கிண்ணம், சவப்பெட்டி, ஒரு பெண் என்று மாற்றி மாற்றி ஒட்டினார். பார்த்தவர்கள் அதே முகத்தில் பசி, துக்கம், ஆசை என்று கண்டார்கள். அங்கே சவப்பெட்டி இருந்தது. மெலிந்த வேடத்துக்கு அந்தச் சவப்பெட்டியைத்தான் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். சும்மா நின்ற முகம் இந்த வேடத்தில் சும்மா நின்ற முகமாகவே தெரியும்.

கேள்வி: சிறிய வேடமும் மெலிந்த வேடமும் ஒன்றா?

பதில்: இல்லவே இல்லை. 1976இல் வந்த ‘நெட்வொர்க்’ படத்தில் பியட்ரிஸ் ஸ்ட்ரெய்ட் திரையில் இருப்பது சுமார் 5 நிமிடம். சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் வாங்கினார். நேரம்தான் குறைவு. கணவனின் துரோகத்தைக் கேட்கும் மனைவியின் கோபமும் வலியும் திரைக்கதை எழுதிய பேடி சயெஃப்ஸ்கியின் எழுத்திலேயே முழுசாக இருந்தன. படம் முழுக்க வந்தும் ஒரு முடிவுகூட எடுக்காத வேடங்கள்தான் மெலிந்தவை.

கேள்வி: இப்படி ஒரு வேடம் கிடைத்தால் எதைத் தவிர்ப்பது?

பதில்: நொண்டல், திக்கல், ஓயாமல் லைட்டரைத் தட்டுவது போன்ற ஒட்டு வேலைகளை. முதல் காட்சியில் கவனம் கிடைக்கும், மூன்றாவதில் எரிச்சல் வரும். கதை இன்னும் தொடாத இடத்தில் கண்ணீர் விடுவதும் அப்படித்தான். பார்ப்பவர் கூடவே அழாமல் ‘எதற்கு?’ என்று யோசிப்பார். கதையின் திருப்பத்தில் அந்த ஆள் எதையுமே செய்யாவிட்டால் எந்த நடிப்பும் காப்பாற்றாது. படப்பிடிப்புக்கு முன்பே இயக்குநரிடம் பேசுங்கள். கூடுதல் வசனம் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. இருக்கும் காட்சி ஒன்றில் கதாநாயகன் சொல்வதை மறுக்கும் ஒரு வாய்ப்பைக் கேட்டுப் பாருங்கள், அதனால் காட்சியின் நீளம் அதிகமாகாது என்பதால் சம்மதிக்க வாய்ப்பு அதிகம்.