தேதியில் 31 எங்கே போச்சு?

கேள்வி: மெயின்ஃப்ரேமில், புரோகிராமை ஓட்டச் சொல்லும் எக்ஸெக் வரியில், பேட்ச் ஜாபுக்கான தேதியை பார்ம்='20240331' என்று கொடுக்கிறேன். கோபோல் புரோகிராமின் லிங்கேஜ் செக்ஷனில் (வெளியிலிருந்து வரும் டேட்டாவுக்கான பகுதி) 8 எழுத்து ஃபீல்டு ஒன்றை வைத்து, புரொசீஜர் டிவிஷன் யூசிங்கிலும் சேர்த்துவிட்டேன். டிஸ்ப்ளே போட்டால் முதல் இரண்டு இடம் வெறுமை, அப்புறம் 202403. கடைசி 31 எங்கே போச்சு?
- வாசகி, சோழிங்கநல்லூர்

பதில்: எங்கேயும் போகவில்லை அம்மா, மெமரியில் பத்திரமாக இருக்கிறது. உங்கள் ஃபீல்டுக்குத்தான் அது எட்டவில்லை.

பார்மில் எழுதியதை சிஸ்டம் தனியாகக் கொடுப்பதில்லை. அதன் நீளத்தை 2 பைட் பைனரி எண்ணாக முன்னால் வைத்துத்தான் கொடுக்கும். உங்கள் தேதி 8 எழுத்து. ஆக முதலில் 8 என்ற நீளம், பின்னால் தேதி, மொத்தம் 10 பைட். நீங்கள் வைத்த 8 பைட்டில் நீளத்துக்கு 2 போனால் தேதிக்கு 6தானே மிச்சம்?

கண்ணாலேயே பார்த்துவிடுங்கள். எஸ்டிஎஸ்எஃப்பில் (ஜாப் அவுட்புட்டைப் பார்க்கும் திரை) அந்த ஜாபின் அவுட்புட்டுக்கு முன்னால் எஸ்இ போட்டுத் திறந்து, ஹெக்ஸ் ஆன் என்று கொடுங்கள். எழுத்துகளுக்குக் கீழே ஒவ்வொரு பைட்டின் ஹெக்ஸ் மதிப்பும் இரண்டு வரியாக வரும். வெறுமையாகத் தெரிந்த அந்த இரண்டு இடத்தில் மேல்வரி 00, கீழ்வரி 08. மேலிருந்து கீழாகப் படித்தால் முதல் பைட் 00, இரண்டாவது 08. அதுதான் நீளம்.

லிங்கேஜில் ஒரு 01 லெவல் வைத்து, அதற்குள் முதலில் எஸ்9(4) காம்ப் (2 பைட் பைனரி) என்று நீளத்துக்கு ஒரு ஃபீல்டு, அடுத்து எக்ஸ்(100) என்று டேட்டாவுக்கு ஒன்று போடுங்கள். வேலை இத்தோடு முடியவில்லை. யாராவது பார்ம் கொடுக்க மறந்தால் நீளம் 0 என்று வரும். 6 எழுத்து கொடுத்தால் அந்த 6க்கு அப்பால் இருப்பது என்னவென்று யாருக்கும் தெரியாது, அதைத் தொடவே கூடாது. ஆகவே முதல் பத்தியிலேயே நீளம் 8தானா, எட்டு எழுத்தும் எண்தானா என்று பாருங்கள். இல்லையென்றால் தெளிவாக ஒரு செய்தி எழுதி, ரிட்டர்ன் கோடு 16 (பெரிய பிழை என்ற குறி) கொடுத்து, ஒரு ஃபைலைக்கூடத் திறக்காமல் நிறுத்துங்கள். இந்தப் பத்து வரியைச் சோம்பல்படாமல் எழுதுகிறவரிடம் நம்பி வேலை கொடுக்கலாம்.

கேள்வி: 31/03/2024 என்று கொடுத்தால் கோபோல் புரோகிராமுக்கு 31/03 மட்டும்தான் வருகிறது. ஏன்?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: சாய்கோடுதான் காரணம். வழக்கமான அமைப்பில், கோபோல் மெயின் புரோகிராம் என்றால் கடைசிச் சாய்கோட்டுக்குப் பின்னால் வருவதை லாங்குவேஜ் என்விரான்மென்ட் (புரோகிராம் ஓடத் துணைநிற்கும் சிஸ்டம் மென்பொருள்) தனக்கான ரன்டைம் ஆப்ஷன் என்று எடுத்துக்கொள்ளும். 2024 அங்கே போய்விட்டது. தேதியைச் சாய்கோடு இல்லாமல் 20240331 என்றே கொடுங்கள்.

கேள்வி: பார்மில் 100 எழுத்துக்கு மேல் போகாதாமே? தினமும் மாறும் தேதியை பார்மில் கொடுப்பது நல்லதா, சிஸ்இன்னிலா (புரோகிராம் படிக்கும் இன்புட் ஃபைல்)?
- வாசகர், திருச்சி

பதில்: 100 என்பது பழைய மெயின்ஃப்ரேம் ஓஎஸ் ஆன ஓஎஸ்/360 காலத்து வரம்பு. அதன் வழிவந்த இசட்/ஓஎஸ்ஸில், 2013இல் வந்த 2.1 முதல் பார்ம்டிடி இருக்கிறது. ஒரு டிடி (ஜாபில் ஒரு ஃபைலைக் காட்டும் வரி) பெயரைச் சொன்னால் அந்த ஃபைலில் இருப்பது பார்மாகப் போகும், 32,760 பைட் வரை. ஒரே ஸ்டெப்பில் பார்ம், பார்ம்டிடி இரண்டையும் போட முடியாது. நீளத்துக்கு அப்போது காம்ப்-5 (2 பைட்டின் முழு மதிப்பையும் ஏற்கும் பைனரி வகை) வைப்பதுதான் பாதுகாப்பு.

தேதி விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. புரோகிராம் எப்படி ஓட வேண்டும் என்பதை, டெஸ்டா நிஜமா, முழு ஓட்டமா பாதியா என்பதை, பார்மில் சொல்லுங்கள். தினமும் மாறுவதை அங்கே வைக்காதீர்கள்.

நான் நைட் ஷிப்ட் பார்த்த ஓர் இடத்தில் ஒவ்வொரு ராத்திரியும் ஜேசிஎல்லைத் (ஜாபை ஓட்டும் கட்டளை வரிகள்) திறந்து பார்ம் தேதியைக் கையால் மாற்றுவோம். ஒரு காலாண்டு முடிந்த மறுநாள் நான் 14 ஜாபில் 13ஐ மாற்றினேன். விட்டுப்போனது வட்டி ஜாப். ஜூன் 30க்கு ஏற்கெனவே போட்ட வட்டியை அது மறுபடி போட்டது. ரிட்டர்ன் கோடு 0 (எல்லாம் சரி என்று அர்த்தம்), எங்கும் அபெண்ட் (புரோகிராம் பாதியில் விழுவது) இல்லை. இரண்டரை மணிக்கு மொத்தத் தொகை முந்தின நாள் தொகையோடு பைசா மாறாமல் ஒத்துப்போனதைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. ஜிடிஜியின் (ஒரே ஃபைலின் அடுத்தடுத்த பதிப்புகளின் தொகுப்பு) முந்தைய ஜெனரேஷனை எடுத்து எல்லாவற்றையும் திரும்ப ஓட்டி முடிக்க விடிந்துவிட்டது.

அடுத்த வாரமே மாற்றினோம். அன்றைய முதல் ஜாப், தேதியை ஒரே ரெக்கார்டாக ஒரு ஃபைலில் எழுதும். மற்ற ஜாப்கள் அதை சிஸ்இன்னில் படிக்கும். ஜாப்களை நேரத்துக்கு ஓட்டும் ஷெட்யூலர் தேதியை நிரப்பித் தருமானால் அந்த முதல் ஜாபுக்கு அதையே பயன்படுத்துங்கள். வட்டி ஜாப் ஒன்றை மட்டும் கூடுதலாகச் செய்ய வைத்தோம்: கடைசியாக எந்தத் தேதிக்கு ஓடியது என்று குறித்துவைத்து, அதே தேதி மறுபடி வந்தால் 16 கொடுத்து நின்றுவிடும்.