ஒப்பந்தம் மூன்றாண்டு, மகளின் படிப்பு நான்காண்டு

கேள்வி: பணி நிமித்தம் குடும்பத்துடன் வெளிநாடு செல்கிறேன். ஒப்பந்தம் மூன்று ஆண்டுகள். பிள்ளைகளின் பன்னாட்டுப் பள்ளிக் கட்டணத்தில் முக்கால் பங்கை நிறுவனம் ஏற்கிறது. மகளுக்கு 14 வயது, மகனுக்கு 8. கட்டணம் குறைந்த கேம்பிரிட்ஜ் பாடத்திட்டப் பள்ளியா, கட்டணம் கூடுதலான ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலரியேட் என்ற பன்னாட்டுப் பாடத்திட்டம்) பள்ளியா, எதில் சேர்ப்பது?

பதில்: நீங்கள் முதலாண்டுக் கட்டணங்களை ஒப்பிடுகிறீர்கள், நான் நான்காம் ஆண்டிலிருந்து கணக்கைத் தொடங்குவேன். கேம்பிரிட்ஜ் பள்ளியில் 14 வயதில் தொடங்கும், நம் பத்தாம் வகுப்பைப் போன்ற ஐஜிசிஎஸ்இ படிப்பு இரண்டு ஆண்டுகளில் பொதுத்தேர்வுடன் முடியும். அதன்பின், நம் மேல்நிலை வகுப்புகளைப் போன்ற ஏ லெவல் அல்லது ஐபி டிப்ளமோ என இன்னும் இரண்டு ஆண்டுகள் உண்டு. ஐபி பள்ளியிலும் இந்த வயதுக் கணக்கு ஏறக்குறைய இதுவே என்பதால், எதைத் தேர்ந்தெடுத்தாலும், உங்கள் ஒப்பந்தம் முடியும்போது மகள் இறுதிப் படிப்பின் நட்டநடுவில் இருப்பார். டிப்ளமோவில் எடுத்த ஆறு பாடங்களும் அதே நிலையில் வேறொரு பள்ளியில் கிடைப்பது அரிது என்பதால், அந்த ஆண்டில் பள்ளியை மாற்றுவதை நான் ஒரு வழியாகவே கருதமாட்டேன்.

ஆண்டுக் கட்டணம் 100 என்றும், அது ஆண்டுதோறும் 6 சதவீதம் உயர்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். முதலாண்டில் உங்கள் பங்கு 25. நான்காம் ஆண்டில் நிறுவனம் தரும் கல்விப்படி நின்றுவிட்டால், முழுக் கட்டணமான 119. பல பள்ளிகளில் மேல்வகுப்புகளுக்கே கட்டணம் மிக அதிகம் என்பதை இதில் நான் சேர்க்கவில்லை.

ஆகவே, ஒப்பந்தம் இடையில் முடிந்தாலும் மகளின் இறுதித்தேர்வு வரை படி தொடரும் என்ற உறுதியைக் கையெழுத்திடும் முன்பே எழுத்தில் கேளுங்கள். பேரம் பேசும் வலு இப்போதுதான் உங்களிடம் இருக்கிறது. மறுத்தால், அந்த ஓராண்டுத் தொகையை முதல் மாதத்திலிருந்தே, பள்ளி கட்டணம் வாங்கும் நாணயத்திலேயே, வைப்புநிதியில் சேர்த்து வாருங்கள். மூன்றாண்டில் தேவைப்படும் பணத்துக்குப் பங்குச்சந்தை இடமல்ல. இதுவும் இயலாதெனில், ஐஜிசிஎஸ்இ முடிந்ததுமே, அதாவது 16 வயதில், மகளை ஊரிலுள்ள பள்ளிக்கு மாற்றுவதே செலவு குறைந்த, படிப்பும் முறியாத வழி. அந்த வாய்ப்பு திறந்திருப்பதால் மகளுக்குக் கேம்பிரிட்ஜ் பள்ளியே என் தேர்வு. அங்கே மேல்நிலை வகுப்புகளும் உண்டா என்று மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மகனுக்கு எந்தப் பாடத்திட்டமும் இப்போதைக்குப் பொருந்தும். உடன்பிறந்தோர் சலுகை உண்டென்றால் அதே பள்ளி போதும்.

சேர்க்கையின்போது வாங்கும் கட்டட நிதி பெரும்பாலும் திரும்பாது. வைப்புத்தொகை திரும்பும், ஆனால் ஒரு பருவத்துக்கு முன்பே விலகல் அறிவிப்புத் தராவிட்டால் அதையும் இழக்க நேரலாம். இவ்விரண்டும் நிறுவனத்தின் முக்கால் பங்குக்குள் வருகின்றனவா என்று கேளுங்கள். பல நாடுகளில் கல்விப்படி வரிக்குரிய வருமானமாகவே கணக்கிடப்படுவதால், அந்த வரியை யார் செலுத்துவது என்பதும் அதே கடிதத்தில் இடம்பெற வேண்டும்.