ஐஸ்கஸி கேள்வி பதில்: ஒரு பிடியூ எங்கே முடிகிறது?

ஐஸ்கஸி என்பது டிஸ்க் கட்டளைகளையும் டேட்டாவையும் டிசிபி என்ற நெட்வொர்க் நெறிமுறையின் மேல் அனுப்பும் முறை. அதில் போகும் ஒரு முழுச் செய்திதான் பிடியூ.

கேள்வி: ஒரே தடவையில் அனுப்பியதை எதிர்முனை இரண்டு தடவையாகப் படிக்கிறதே, டிசிபி உடைத்துவிட்டதா?

உங்கள் செய்தி என்ற ஒன்றே டிசிபிக்குத் தெரியாது. பைட்டுகளை வரிசை மாறாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும், அவ்வளவுதான். ஓலைச்சுவடி மாதிரி: இடைவெளியும் கிடையாது, புள்ளியும் கிடையாது. பிரித்துப் படிப்பது நம் வேலை.

கேள்வி: முடிவைக் காட்ட ஒரு குறியீடு வைத்தால் என்ன?

டிஸ்க் டேட்டாவில் எந்த பைட்டும் வரலாமே! அதனால்தான் நீளத்தைச் சொல்லிவிடுகிறார்கள். ஐஸ்கஸியில் அடிப்படை ஹெடர், அதாவது செய்தியின் தலைப்பகுதி, 48 பைட். அதன் 5-வது பைட் கூடுதல் ஹெடரின் நீளம், அடுத்த 3 பைட் டேட்டாவின் நீளம். டேட்டா 4-இன் மடங்காக இல்லாவிட்டால் நிரப்பு பைட் சேரும், ஆனால் நீளக் கணக்கில் அது வராது. 5 பைட் டேட்டா என்றால் 48+5+3=56. நானும் இதில் வழுக்கியிருக்கிறேன். 512 பைட் பிளாக்கை மட்டும் வைத்துச் சோதித்தால் தவறு தெரியாது; லாகின் உரையில்தான் மாட்டுவீர்கள்.

கேள்வி: ஹெடருக்கும் டேட்டாவுக்கும் தனித்தனி டைஜெஸ்ட் (சேதத்தைக் காட்டும் சரிபார்ப்பு எண்) ஏன்?

இரண்டின் சேதமும் ஒன்றல்ல. டேட்டா டைஜெஸ்ட் பொருந்தாவிட்டால் அந்த டேட்டாவைத் தூக்கிப்போடலாம். அடுத்த பிடியூ எங்கே தொடங்கும் என்று தெரியும். ஹெடர் டைஜெஸ்ட் பொருந்தாவிட்டால் நீளத்தையே நம்ப முடியாது. அதற்குப் பின் வருவதெல்லாம் குப்பைதான். இணைப்பை மூடுங்கள், ஊகித்துத் தொடராதீர்கள்.

கேள்வி: பழைய ஆவணத்தில் மார்க்கர் என்று படித்தேனே?

2004-இல் வந்த ஐஸ்கஸியின் வரையறை ஆவணமான ஆர்எஃப்சி 3720-இல் இருந்தது. இரு தரப்பும் பேசி முடிவு செய்த இடைவெளியில் 8 பைட் மார்க்கர். அடுத்த பிடியூ எவ்வளவு தூரத்தில் என்று அதில் இரண்டு முறை எழுதியிருக்கும். மார்க்கர் இரண்டு டிசிபி துண்டுகளில் பிளந்து போனாலும் ஒரு பிரதியாவது முழுசாக மிஞ்சட்டும் என்றுதான். நடுவில் ஒரு துண்டு வராவிட்டாலும் நெட்வொர்க் கார்டு எல்லையைக் கண்டுபிடித்துவிடும். எண்ணம் அழகு, ஆனால் டேட்டாவின் நடுவே செருகுவதும் பிடுங்குவதும் மென்பொருளுக்குத் தலைவலி. 2014-இல் ஆர்எஃப்சி 7143 அதைக் கைவிட்டது. ஒரு கணினியின் நினைவகத்திலிருந்து இன்னொன்றின் நினைவகத்துக்கு நேரடியாக டேட்டாவைக் கொண்டுபோகும் ஐவார்ப்பில் இதே யோசனை 512 பைட்டுக்கு ஒரு மார்க்கர் என்று உண்டு.

கேள்வி: நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ் எல்லையை எப்படிக் காட்டுகிறது?

ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் 4 பைட் முன்னொட்டு. முதல் பிட் கடைசித் துண்டா என்று சொல்லும், மீதி 31 பிட் நீளம். எஸ்எஸ்டிகளை டிசிபி வழியே அணுகும் என்விஎம்இ டிசிபியில் 8 பைட் பொது ஹெடர், அதன் கடைசி 4 பைட் மொத்த நீளம். அங்கே கூட்டல் கணக்குத் தொல்லை இல்லை.