கேள்வி: “மூதி”ன்னு கடை மேஸ்திரி திட்டினா எல்லாரும் சிரிக்கிறாங்க, நான் ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதும் கடையே அமைதியாயிடுச்சு. ஏன்?

பதில்: கோயம்புத்தூர்ல இருந்து பாளையங்கோட்டைக்கு வேலைக்கு வந்தவர்னு எழுதியிருக்கீங்க. மேஸ்திரி சொன்ன “ஏல கோட்டிக்காரா” (டேய் பைத்தியக்காரா), “செத்த மூதி” (மூதேவி) எல்லாம் இங்கே பெரும்பாலும் செல்லக் கோபம். “பேதில போவான்”கூட அப்படித்தான். வாந்திபேதி ஊரைக் காலி பண்ணின காலத்துல அது நிஜமான சாபம். நோய் பயம் போனதும் வசவோட காரமும் போயிடுச்சு.

நீங்க சொன்னதுல அவர் அம்மா வந்துட்டாங்க. அங்கேதான் சிக்கல். முட்டாள், சோம்பேறின்னா அது அந்த ஆளோட குணத்தைப் பத்தினது, அவரே சிரிச்சு மழுப்பலாம். அம்மா, அக்கா தங்கச்சியை இழுத்தா அங்கே இல்லாதவங்க மானம் போகுது. பேசாம இருந்தா அவருக்குத்தான் கேவலம். அதுவும் வயசுல மூத்தவரை, வாடிக்கையாளர் முன்னாடி. கூட்டாளிகளுக்குள்ள அதே சொல் சாதாரணமா புழங்குறதைப் பார்த்து ஏமாறாதீங்க, அந்த உரிமை பழக்கத்துல வர்றது.

சாதிப் பெயரை மட்டும் விளையாட்டுக்குக்கூட எடுக்காதீங்க. பட்டியல் சாதி, பழங்குடியினரைப் பிறர் பார்வையில படுற இடத்துல சாதி சொல்லித் திட்டினா 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி 6 மாசம் முதல் 5 வருஷம் வரை சிறை. பொது இடத்துல ஆபாச வசவுக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துல 294(பி), இப்போ அதுக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா 296: 3 மாசம் வரை.

நாளைக்கே, அன்னைக்கு இருந்தவங்க முன்னாடியே, “அண்ணாச்சி, வாய் தவறிட்டு, மன்னிச்சிக்கிடுங்க”ன்னு சொல்லிடுங்க. அந்த வார்த்தையைத் திரும்பச் சொல்லி விளக்கப் போகாதீங்க. அவர் மறுபடி “ஏல”ன்னு கூப்பிட்டா சரியாயிட்டார்னு வச்சுக்கலாம். “வாங்க தம்பி”ன்னு மரியாதை கொடுத்தாத்தான் கவலைப்படணும்.